குப்பைக்குப் போகும் பி53

சிட்னியிலோ மெல்போர்னிலோ வசிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு 25 வயதானால் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். 2017 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் எடுத்து, செல்களின் உருவம் மாறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேடுவது, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஏன் போதும் என்பதற்கு விடை அந்த வைரஸின் ஏழ்மையில் இருக்கிறது.

அதன் மரபுச்சரம் ஏறத்தாழ 8,000 எழுத்துகள்தான். டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதிகூடக் கிடையாது. செல்லிடம் இரவல் வாங்க வேண்டும். அது பெருக வேண்டிய மேலடுக்குச் செல்களோ, பிரிவதை நிறுத்திவிட்டு உதிரக் காத்திருப்பவை. அடுப்பு அணைந்த வீட்டுக்குப் பசியோடு வந்த விருந்தாளி மாதிரி.

அடுப்பைப் பற்றவைப்பது ஈ7 என்ற வைரஸ் புரதம். செல்லின் ஆர்பி புரதம், ஈ2எஃப் புரதங்களைப் பிடித்துவைத்துச் செல் பிரியாமல் தடுக்கிறது. ஈ7 ஆர்பியைப் பற்றியதும் ஈ2எஃப் விடுபடுகிறது, நகலெடுப்பு தொடங்குகிறது. வேளைகெட்ட வேளையில் பிரியும் செல்லைக் கொன்றுவிடுவது பி53 புரதத்தின் பொறுப்பு. இங்கேதான் எனக்கு வியப்பு. ஈ6 என்ற இன்னொரு வைரஸ் புரதம் பி53ஐத் தானே அழிப்பதில்லை. செல்லுக்குள் கழிவுக்கு அடையாளம் ஒட்டும் வேலையில் இருக்கும் ஈ6ஏபி என்ற புரதத்தைக் கூட்டிவந்து, பி53 மேல் அந்த அடையாளத்தை ஒட்டவைக்கிறது. செல்லின் குப்பை எந்திரமே தன் காவலாளியை அரைத்துவிடுகிறது. வைரஸ்கள் பி53ஐக் குறிவைப்பது ஹெச்பிவியோடு நிற்பதில்லை: அது 1979இல் கண்டுபிடிக்கப்பட்டதே எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் புரதத்தோடு ஒட்டிக்கிடந்த நிலையில்தான்!

புற்றுநோய் வைரஸின் நோக்கமல்ல. அதன் டிஎன்ஏ நம் டிஎன்ஏவுக்குள் சிக்கி, ஈ6, ஈ7 இரண்டும் கட்டுப்பாடின்றி உற்பத்தியாகும்போது செல் கெடுகிறது; புதிய வைரஸ்களும் அங்கே பிறப்பதில்லை. பெரும்பாலான தொற்றுகளை உடல் இரண்டு ஆண்டுக்குள் விரட்டிவிடும். தங்கிவிட்ட தொற்றும் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் எடுக்கும். ஐந்து ஆண்டு இடைவெளியின் கணக்கு இதுதான்.

ஹெச்பிவி தடுப்பூசி இந்தச் சண்டைக்குள் இறங்குவதே இல்லை. பிரிஸ்பேனில் இயன் ஃப்ரேசரும் ஜியான் சோவும் 1991இல் வைரஸின் வெளிப்புறப் புரதங்களால் அதன் வெற்று மேலோட்டை உருவாக்கினார்கள். மெல்போர்னின் சிஎஸ்எல் நிறுவனம் அதைத் தடுப்பூசியாக வளர்த்தெடுப்பதில் கைகொடுத்தது. அந்த மேலோட்டைக் கண்டு பழகிய உடல், வைரஸைச் செல்லுக்குள் விடாது. உள்ளே புகுந்துவிட்டதை அந்த ஊசி தொடாது. அதனால்தான் 2007 முதல் பள்ளியிலேயே, 12, 13 வயதில் போடுகிறார்கள்.

ஊசிக் காலத்தைத் தாண்டிவந்த நம் அம்மாக்களுக்குப் பரிசோதனைதான் வழி. கூச்சத்தால் பாப் ஸ்மியரைத் தள்ளிப்போட்டவர்கள், 2022 ஜூலை முதல் மருத்துவமனைத் திரைக்குப் பின்னால் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம்.