ரோல் பார் குழாய்க்கு உலோகம் தேர்ந்தெடுத்தல்

ரோல் பார் என்பது, வாகனம் கவிழும்போது கூரை நசுங்கி உள்ளிருப்பவரின் தலையில் இறங்காதபடி, இருக்கைகளுக்குப் பின்னால் வளைவாக நிறுத்தப்படும் எஃகுக் குழாய்ச் சட்டம் ஆகும். பந்தயக் கார்களில் இது முழுக் கூண்டாக இருக்கும். சாலையில் ஓடும் கார்களிலும் கூரை திறந்த ஜீப்புகளிலும் பெரும்பாலும் ஒற்றை வளைவும், அதைப் பின்னாலிருந்து தாங்கும் இரண்டு சாய்கால்களுமே இருக்கும். சென்னையிலிருந்து மரக்காணம் வழியாகப் புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இத்தகைய ஜீப்புகளைப் பார்க்கலாம். அவற்றில் காப்புக்காகப் பொருத்தியதும் உண்டு, அழகுக்காகப் பொருத்தியதும் உண்டு. பெயிண்ட் அடித்த பின் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

விறைப்பு, வலிமை, நீட்சி

கட்டடக் கம்பி கட்டுபவர் பயன்படுத்தும் கட்டுக்கம்பியை ஒடியாமல் பல முறை முறுக்கலாம். ஆக்சா பிளேடு அதைவிடப் பன்மடங்கு வலிமையானது. ஆனால் ஓரளவுக்கு மேல் வளைத்தால் பட்டென்று ஒடிந்துவிடும். ரோல் பாருக்கு வேண்டிய குணம் கட்டுக்கம்பியினுடையது. கவிழும் வண்டியின் ஆற்றலைக் குழாய் வளைந்து நசுங்கி உள்வாங்க வேண்டும்; ஒடியக் கூடாது.

அதனால்தான் பன்னாட்டு மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் (எஃப்.ஐ.ஏ.) விதிகள் மிக வலுவான எஃகைக் கேட்பதில்லை. குளிர்நிலையில் இழுத்த, மூட்டில்லாத, கலப்பில்லாக் கார்பன் எஃகையே கேட்கின்றன. கார்பன் 0.3 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. இழுவலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும். முதன்மை வளைவுக்கான அளவு 45 மி.மீ. வெளிவிட்டமும் 2.5 மி.மீ. சுவர்த் தடிப்பும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் ஆகும். கார்பன் கூடினால் எஃகு கடினமாகும். வெல்டிங் செய்த இடத்தின் ஓரத்தில் விரிசலும் எளிதில் விழும். பட்டறையில் மைல்டு ஸ்டீல் எனப்படும் சாதாரண மென்னெஃகே இந்த வேலைக்கு ஏற்றது என்பதற்கு இதுவே காரணம்.

ஏன் குழாய், ஏன் கம்பி அல்ல?

50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிப்புள்ள குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2.37 கிலோ எடையுள்ளது. அதே எடையில் திண்மக் கம்பி எடுத்தால் அதன் விட்டம் 19.6 மி.மீ. மட்டுமே. வளைவதை எதிர்க்கும் திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. கணக்கிட்டால், கம்பியைவிடக் குழாய் 12 மடங்கு விறைப்பானது.

மேற்சொன்ன இரண்டு அளவுகளையும் இதே முறையில் ஒப்பிடலாம். 45 × 2.5 குழாய் மீட்டருக்கு 2.62 கிலோ. எடை குறைந்த 50 × 2 குழாய் அதைவிட 15 விழுக்காடு விறைப்பானது. தாளில் இரண்டாவதே சிறந்தது. கடலோரத்தில் இந்த முடிவு மாறக்கூடும். அது கீழே வருகிறது.

குழாயின் வகைகள்

எஃகுத் தகட்டைச் சுருட்டி, விளிம்புகளை மின்தடை முறையில் பற்றவைத்தால் கிடைப்பது இ.ஆர்.டபிள்யூ. குழாய். அதை அச்சின் வழியே குளிர்நிலையில் இழுத்தால், மூட்டின் உள்மேடு சமனாகி, அளவு துல்லியமாகி, வலிமையும் கூடும், இது சி.டி.டபிள்யூ. எனப்படும். மூட்டே இல்லாமல் திண்ம உருளையைத் துளைத்துச் செய்து, பின் குளிர்நிலையில் இழுப்பது சி.டி.எஸ். வாகனப் பயன்பாட்டுக் குழாய்களுக்கு ஐ.எஸ். 3074 என்ற இந்தியத் தரநிலை உண்டு. இவை வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொருள்களும் அல்ல. சென்னை ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1955-இல் தொடங்கப்பட்டது.

கடையில் எளிதில் கிடைப்பது ஐ.எஸ். 1239 வகைத் தண்ணீர்க் குழாய். "ஒன்றரை இஞ்ச் பைப்" என்று கேட்டால் வருவது பெயரளவு உள்விட்டக் கணக்கு. அதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. தடிப்பு போதுமானதாகத் தெரிவதால் பலர் இதையே எடுத்துவிடுகிறார்கள். அது நீர் கொண்டுசெல்லச் செய்யப்பட்ட குழாய். மோதலில் மூட்டு பிளக்காது என்ற உறுதிக்காகச் செய்யப்பட்டது அல்ல. ஜி.ஐ. குழாய் இன்னும் மோசம். அதன்மேல் உள்ள துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும். எஃகு உருக 1,500 டிகிரிக்கு அருகில் செல்ல வேண்டும். ஆகவே வெல்டிங்கின்போது துத்தநாக ஆவி மூட்டில் குமிழ்த்துளைகளை உண்டாக்கும். அதைச் சுவாசிக்கும் வெல்டருக்குக் காய்ச்சலும் வரும்.

குரோமோலி தேவையா?

4130 எனப்படும் குரோமியம்–மாலிப்டினம் எஃகு மென்னெஃகைவிட வலிமையானது. ஆனால் விறைப்பு எண் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே, 200 கிகாபாஸ்கல் அளவு. எனவே அதே விட்டமும் தடிப்பும் இருந்தால் தொடக்கத்தில் இரண்டும் ஒரே அளவே வளையும். பொறியியல் மாணவர்களின் ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிகள் எஃகு எந்தக் கலவையாக இருந்தாலும் கணக்கில் ஒரே மதிப்பையே ஏற்கின்றன: வெல்டிங் செய்த இடத்தில் இளகுவலிமை 180 மெகாபாஸ்கல். விலையுயர்ந்த கலவைக்குச் சலுகை கிடையாது. குரோமோலியின் பயன் சுவரை மெலிதாக்கி எடை குறைப்பதில்தான் உள்ளது. பந்தயத்தில் அந்தச் சில கிலோ முக்கியம். சந்தைக்கும் பள்ளிக்கும் போய்வரும் வண்டிக்கு அல்ல.

உப்புக் காற்றில்

மரக்காணம் உப்பளங்களிலிருந்து தெற்கே ஆரோவில்லை ஒட்டிய இரும்பை வரையிலான பகுதியில் காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. (இரும்பை என்ற பெயரில் இரும்பு ஒலித்தாலும், அது இலுப்பை மரத்தால் வந்த பெயர் என்பர்.) சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை ஈர்த்துக் கசியும். கடலோர இரவுகளில் இது வழக்கமான நிலை. மழையே பெய்யாவிட்டாலும் குழாய்மேல் படிந்த உப்பு விடியும்வரை உப்புநீராக இருக்கும்.

துரு வெளிப்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் தின்றதாகக் கொண்டால், 45 × 2.5 குழாய் தன் விறைப்பில் ஏறத்தாழ 23 விழுக்காட்டை இழக்கும். 1.5 மி.மீ. சுவருள்ள குரோமோலிக் குழாய்க்கு அதே அரை மில்லிமீட்டர் என்பது தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. குரோமோலி துருப்பிடிக்காத எஃகு அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. இக்கரையில் 2.5 மி.மீ. மென்னெஃகே நல்ல தேர்வு.

உட்பக்கத் துரு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குழாயின் முனைகளைத் தகடு வைத்து முழுவதும் பற்றவைத்து மூட வேண்டும். புதுக் காற்று புகாவிட்டால் உள்துரு நின்றுவிடும். வெல்டிங் முடிந்த பிறகே துத்தநாகப் பிரைமரும் பெயிண்டும் அடிக்க வேண்டும். குரோம் முலாம் பளபளக்கும். ஆனால் மூட்டின் விரிசலை மறைத்துவிடும்.

வளைவும் பிடிப்பும்

நல்ல குழாயையும் மோசமாக வளைத்துக் கெடுக்கலாம். எஃப்.ஐ.ஏ. விதிப்படி, சூடாக்காமல், விட்டத்தின் 3 மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைக்க வேண்டும். வளைவில் குழாய் முட்டை வடிவமானால் சிறு விட்டம் பெரிய விட்டத்தின் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையக் கூடாது. மணல் நிரப்பி, கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைக்கும் பழைய பட்டறை முறை இதற்கு ஆகாது. ஒவ்வொரு காலும் 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகட்டின் மேல், குறைந்தது மூன்று 8 மி.மீ. போல்ட்டுகளால் பிடிக்கப்பட வேண்டும். துருப்பிடித்த தரைத்தகட்டில் நேரடியாகப் பற்றவைத்தால், வண்டி கவிழும்போது கால் தரையைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும்.

சட்டமும் தலையும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே குழாய் வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

பந்தய ஓட்டுநர் ஹெல்மெட் அணிந்திருப்பார். ஜீப்பில் பின்னால் அமர்ந்திருக்கும் சிறுவன் அணிந்திருக்க மாட்டான். சிறு மோதலில்கூட அவன் தலை முதலில் சந்திப்பது இந்தக் குழாயைத்தான். எட்டக்கூடிய இடத்தில் உள்ள குழாய் முழுவதற்கும் கெட்டியான நுரை உறை போட வேண்டும்; கையால் அழுத்தினாலே நசுங்கும் மென்பஞ்சு போதாது. சீட் பெல்ட் இல்லாத இருக்கையைச் சுற்றி ரோல் பார் வைக்கவே கூடாது.