பழைய மாருதியின் பின் பிரேக்

மாருதி 800 கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் பிரேக். 1983 முதல் 2014 வரை தயாரான கார் இது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காவேரிப்பாக்கத்தைத் தாண்டும் வாகனங்களுக்கிடையே இன்றும் கண்ணில் படும். நிறைய நாள் நிறுத்தி வைத்த வண்டியில் பின் டிரம் கெடுவதுண்டு.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்வது ஆபத்து. ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினால்தான் டிரம் கழன்று வரும். உள்ளே படிந்த தூசியை ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் ஈரம் தெரிந்தால் ஆயில் கசிகிறது என்று பொருள். உட்சுவரில் துருக்குழி இல்லையென்றால் ரப்பர் கிட் மாற்றினால் போதும். இருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். பெட்ரோலும் கிரீஸும் ரப்பரை ஊதவைக்கும் என்பதால் புது பிரேக் ஆயிலால்தான் கழுவ வேண்டும். ஆயில் நனைந்த பிரேக் ஷூவைக் காயவைத்துப் பூட்டுவது வீண் சிக்கனம். ஷூக்களை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறினால் 140. கடைசியில் ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் வீல் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்து குமிழி நிற்கும்வரை ஏர் எடுக்க வேண்டும். பெடல் கெட்டியான பிறகே, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.