பிறந்த பிள்ளையின் மலம் வெளிறினால்

பிள்ளைக்குக் கண் மஞ்சளித்தால் காலை வெயிலில் காட்டச் சொல்வது நம் வீடுகளின் வழக்கம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த மஞ்சள் தானாகவே வடிந்துவிடும். 14 நாள் கடந்தும் வடியாவிட்டால் வெயிலை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. கழற்றிய துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பச்சைக் குழந்தையின் சிறுநீர் நிறமில்லாமல் இருக்கும். அது துணியில் மஞ்சள் கறை பிடித்து, மலமும் களிமண்போல் வெளிறியிருந்தால் பித்தம் குடலுக்கு இறங்கவில்லை.

இப்படி வருவதற்கு முக்கியமான காரணம் பித்தக்குழாய் அடைப்பு. ஈரலுக்கு வெளியே உள்ள குழாய் தழும்பேறி மூடிக்கொள்ள, தேங்கிய பித்தம் ஈரலையே கெடுக்கிறது. பிள்ளை கொழுகொழுவென்றிருக்கும், நன்றாகப் பால் குடிக்கும். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பித்தமில்லாமல் விற்றமின் கே உடம்பில் சேராது. அது இல்லாவிட்டால் இரத்தம் உறையாது; சில பிள்ளைகளுக்கு மூளைக்குள்ளேயே இரத்தம் கசியும்.

ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மொரியோ கசாய் 1950களில் இதற்கு வழி கண்டார். கெட்டுப்போன குழாயை அகற்றி, சிறுகுடலின் ஒரு பகுதியை ஈரலின் வாசலோடு நேரே தைப்பது அவர் முறை. 60 நாளுக்குள் செய்தால் பித்தம் ஓடும் வாய்ப்பு அதிகம். ஓடாவிட்டால் ஈரல் மாற்றுத்தான். 1998இல் டெல்லி அப்பல்லோவில், இந்நோயுடன் பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று மருத்துவர்.

இந்நோயுள்ள நூற்றில் பத்துப் பிள்ளைகளுக்கு வேறு பிறவிக் குறைகளும் சேர்ந்து வரும்: மண்ணீரல் பலவாக இருக்கும் அல்லது இல்லாமலே போகும், இருதயத்தில் கோளாறு, குடல் திரும்பியிருத்தல், உறுப்புகள் இடம் வலமாக மாறியிருத்தல். கரு உருவாகும் முதல் வாரங்களிலேயே நேர்ந்துவிடுபவை இவை. தாய் எதையோ சாப்பிட்டதால் வந்தது என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அவள் ஏற்கெனவே போதுமானளவு அழுதிருப்பாள்.

அம்பிட்டியவில் இருப்பவர்களுக்குக் கண்டி நகரைத் தாண்டினால் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை. வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் துணியைக் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனையில் மொத்தப் பிலிருபினோடு நேரடிப் பிலிருபினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால், அந்த 60 நாளும் முடிந்திருக்கும்.