களைக்கொல்லியும் போர்ச் சட்டமும்

2,4,5-டி என்னும் இரசாயன மருந்து 1950களில் மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் நன்கு அறியப்பட்டதாகும். எண்ணெயிற் கலந்து வெட்டுப்பட்டையின் அருகே சிறிதளவு தடவினால் பால் மிகும். முதிர்ந்த மரங்களைப் பட்டுப்போகச் செய்யவும் புதர்களை அழிக்கவும் அதுவே பயன்பட்டது.

அதே காலத்தில் அது போருக்கும் சென்றது. 1948 ஜூனில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட, பிரித்தானிய ஆட்சி அவசரகாலத்தை அறிவித்தது. பின்னர், சாலையோரப் புதர்களில் பதுங்கித் தாக்குவோருக்கு மறைவிடம் இல்லாமற் செய்யவும், காட்டினுள் கெரில்லாப் படையினர் விளைத்த உணவுப் பயிரைக் கெடுக்கவும் இத்தகைய களைக்கொல்லிகளை அது தெளித்தது. 1962 முதல் 1971 வரை வியட்நாமில் அமெரிக்கா பேரளவில் தெளித்தமைக்கு மலாயாவே முன்மாதிரியாயிற்று. அங்குத் தெளித்த மருந்தில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் கலந்திருந்தது.

அங்ஙனமாயின், ஒரே பொருளை மருந்தென்பதா, படைக்கலமென்பதா?

1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை போரில் நச்சுப்பொருளைப் பயன்படுத்துவதை மட்டுமே விலக்கியது. செய்வதையும் சேமிப்பதையும் தடுக்கவில்லை. 1993இல் பாரிசில் கையெழுத்தாகி, 1997 ஏப்ரல் 29இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கையோ செய்தல், சேமித்தல், கைமாற்றல், பயன்படுத்தல் ஆகிய அனைத்தையும் விலக்கியது. மலேசியா 2000இல் இதனை ஏற்று, 2005இல் தனிச் சட்டமும் இயற்றியது.

இவ்வுடன்படிக்கை பொருளின் பெயரை மட்டும் நோக்குவதில்லை. நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. குடிநீரைத் தூய்மை செய்யும் குளோரின் குற்றமற்றது. 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்து ஈப்பர் களத்தில் பகைவர்மேல் ஏவப்பட்டதும் அதே குளோரின்தான், அது படைக்கலம்.

ஆயினும் ஓர் இடைவெளி உண்டு. மனிதர்க்கும் விலங்குக்கும் தீங்கு செய்வதையே உடன்படிக்கையின் வரையறை நச்சு இரசாயனம் என்கிறது; பயிரை மட்டும் கெடுப்பது அதனுள் அடங்காது. களைக்கொல்லியைப் போர்முறையாகக் கொள்ளலாகாது என்னும் தடையை முகவுரை நினைவூட்டுகிறது. வரையறையிலோ அது இடம்பெறவில்லை.

உறுப்பு நாடுகள் அறிவித்திருந்த 72,000 டன்னுக்கு மேற்பட்ட இரசாயன ஆயுதங்கள் 2023 ஜூலைக்குள் முற்றும் அழிக்கப்பட்டன. இது பெருஞ்சாதனையே. ஆனால், கிடங்கில் உள்ளதை எண்ணி அழிக்கலாம். நோக்கத்தை எண்ண முடியாது. விளைந்த பயிரைக் கருகச் செய்பவன் அதனை உண்பவனைப் பட்டினியிடுகிறான். ஆதலின் அவ்விலக்கு முகவுரையோடு நில்லாமல் சட்டத்தின் உள்ளேயும் இடம்பெறுதல் வேண்டும்.