வீட்டிலேயே இரத்த அழுத்தத்தை அளப்போம்

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியையும் காட்டாது. தலைவலியோ மயக்கமோ இல்லை என்பதால் பிரஷர் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. கவனிக்காமல் விட்டால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஏற்படலாம்.

சிலருக்குக் கிளினிக்கில் பதற்றத்தால் அளவு கூடும். சிலருக்கு அங்கே சரியாக இருந்து, வீட்டில் கூடும். ஆகவே, வீட்டில் எடுக்கும் அளவுகள் டாக்டருக்குப் பெரிதும் உதவும்.

அளப்பதற்கு முன்
• மேல்கையில் பட்டை கட்டும் தானியங்கிக் கருவியே நல்லது. பட்டை உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும்.
• அரை மணி நேரத்திற்கு முன்பிருந்தே காப்பி, தேநீர், சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம்.
• சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள்.

அளக்கும்போது
• நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து உட்காருங்கள். கால்மேல் கால் போடாதீர்கள்.
• சட்டைக் கைக்கு மேல் பட்டையைக் கட்டாதீர்கள். கையை மேசைமீது, நெஞ்சின் உயரத்தில் வையுங்கள்.
• பேசாதீர்கள்; தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் தவிருங்கள்.

எத்தனை முறை?
கிளினிக்குக்குச் செல்வதற்கு முந்தைய 7 நாள்களும் அளந்து பாருங்கள். காலையில் மருந்துக்கும் பசியாறலுக்கும் முன் 2 முறை, மாலையில் 2 முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே 1 நிமிடம் விட்டு அளக்கவும். தேதி, நேரத்துடன் எல்லா அளவுகளையும் எழுதுங்கள். கூடுதலாக வந்ததை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் அளவுகளை நீக்கிவிட்டு மற்றவற்றின் சராசரி கணக்கிடப்படும்.

அந்தச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று கூடினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்
அளவு நன்றாக இருப்பது பெரும்பாலும் மருந்து வேலை செய்வதால்தான். அளவு குறைந்து தலை சுற்றினாலும், மருந்தை மாற்றும் முன் கிளினிக்கைக் கேளுங்கள்.

உடனே உதவி தேவைப்படும் நேரம்
180/110க்கு மேல் காட்டினால், 5 நிமிடம் ஓய்வெடுத்து மீண்டும் அளந்து பாருங்கள். குறையாவிட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தால், அளந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, மருந்துகளோடு அளவுகளை எழுதிய புத்தகத்தையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.