பன்னிரண்டு புடவையில் பாங்காக இருக்கலாம்

"பீரோ நிறையப் புடவை இருக்கு, கட்டிக்கத்தான் ஒண்ணுமில்லை!" தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என்று எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் புலம்பல்தான். ஆடித் தள்ளுபடியில் மூன்று வாங்குகிறோம். ஒன்று சாயம் போகிறது, ஒன்று சுருங்குகிறது, மூன்றாவதுக்குப் பொருத்தமான ரவிக்கை இல்லை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணமல்லவா அது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 3,000 ரூபாய்ப் புடவையை மூன்று விசேஷத்துக்கு மட்டும் கட்டினால், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய். 900 ரூபாய்ப் பருத்திப் புடவையை 60 தடவை கட்டினால், தடவைக்கு 15 ரூபாய்தான். எது மலிவு என்று நீங்களே சொல்லுங்கள்.

என்னென்ன வேண்டும்?

தினப்படிக்கு ஐந்து பருத்திப் புடவை. மதுரைச் சுங்குடி நம் வெயிலுக்கு எவ்வளவு சுகம்! கோயில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று வெளியே போக நான்கு. விசேஷத்துக்கு இரண்டு பட்டு. மழை நாளில் சட்டென்று காய ஒரு பாலியஸ்டர். ஆக மொத்தம் பன்னிரண்டு.

ரவிக்கையில்தான் சூட்சுமம் இருக்கிறது. கறுப்பு, மெரூன், கடுகு மஞ்சள், கரும்பச்சை, சந்தன நிறம் என்று ஐந்து தைத்துக்கொண்டால், பெரும்பாலான புடவைகளுக்கு மாற்றி மாற்றிப் போடலாம். தைக்கக் கொடுக்கும்போது, "உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைங்க" என்று மறக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கும் தாய்மார்கள் முன்பக்கம் கொக்கி வைத்தே தைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்படி வாங்குவது?

1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் கூட்டுறவு நிறுவனம். தீபாவளி சமயத்தில் தள்ளுபடியும் உண்டு. கைத்தறி என்றால் கைத்தறி முத்திரை, பட்டு என்றால் 2004-ல் வந்த சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முந்தானை ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பார்த்தால், அசல் பட்டு முடி கருகும் வாசனை அடிக்கும், சாம்பல் பொடியாகும். செயற்கை நூல் உருகி மணி மாதிரி உருளும்.

நம் தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே நெசவு ஊர் ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அனகாபுத்தூர்தான் அது. ஒரு காலத்தில் இங்கே நெய்த 'மெட்ராஸ் கைக்குட்டை'த் துணி நைஜீரியா வரை போனது. அந்த ஏற்றுமதி நின்றதும் பல தறிகள் ஓய்ந்தன. மிஞ்சிய நெசவாளர்கள் வாழை நாரைச் சேர்த்துப் புடவை நெய்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு கைத்தறிப் புடவை நாம் வாங்கினால், ஏதோ ஒரு தறிக்கு வேலை கிடைக்கும்.

உழைக்க வைப்பது நம் கையில்

புதுப் பருத்திப் புடவையை முதல் இரண்டு மூன்று தடவை தனியாகத் துவையுங்கள். உள்பக்கம் வெளியே தெரிய, நிழலில் உலர்த்துங்கள். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வெள்ளைத் துணி பழுப்பேறிவிடும். மழைநீரோ நல்ல தண்ணீரோ ஒரு வாளி வைத்துக்கொண்டு கடைசியாக அலசுங்கள். சோறு வடித்த கஞ்சி இருக்கும்போது கடைக் கஞ்சி எதற்கு?

பட்டைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் ஜரிகை மடிப்பில் இற்றுப்போகாது. ரச கற்பூர உருண்டை ஜரிகையில் படவே கூடாது.

நைந்த பருத்திப் புடவையைத் தூக்கிப் போடாதீர்கள். குழந்தைக்குத் தூளி கட்ட வேண்டுமானால், கிழிசல் இல்லாத, இழுத்துப் பார்த்து உறுதியாக உள்ள புடவையாக எடுங்கள். மற்றவை அணையாடைக்கும் தலையணை உறைக்கும் ஆகும்.

அடுத்த தடவை ஜவுளிக் கடைக்குக் கிளம்புமுன் பன்னிரண்டில் எது குறைகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டில் இல்லாததை, கடைக்காரர் எவ்வளவு விரித்துக் காட்டினாலும், "அப்புறம் வரேங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுங்கள்!