வைத்திய மாணவரும் ஒத்துணர்வும்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர் நோயாளியையே முதற்கண் வைத்தார். மருத்துவனும் மருந்தும் உடனிருந்து உதவுவோனும் அதன் பின்னரே வருகின்றனர். இக்காலத்து வைத்தியக் கல்வியில் இவ்வரிசை பிறழ்கின்றதோ என்னும் ஐயம் எழுகின்றது.

இரக்கம் வேறு, ஒத்துணர்வு வேறு. பிறர் துயர் கண்டு நாமும் கலங்குதல் இரக்கம். அவர் நிலையில் நின்று அத்துயரை அறிதலும், அறிந்தமையை அவருக்குப் புலப்படுத்தலும் ஒத்துணர்வாம். கலங்கிக் கைநடுங்கும் வைத்தியர் சத்திரசிகிச்சைக்கு உதவார். ஒத்துணர்வோ கையை நடுங்கச் செய்வதன்று.

அமெரிக்காவிலே, பிலடெல்பியா நகரின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் 2002, 2004 ஆம் ஆண்டுகளிற் சேர்ந்த 456 மாணவரை ஹோஜாத் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, 2009 இல் முடிபுகளை வெளியிட்டனர். நான்காண்டுக் கல்வியின் முதலிரண்டு ஆண்டுகளில் மாணவரின் ஒத்துணர்வு குன்றவில்லை. மூன்றாம் ஆண்டின் இறுதியிற் குன்றியது. பட்டம் பெறும்வரை அது மீளவுமில்லை. மாணவர் ஏட்டுக் கல்வியினின்றும் நோயாளியின் கட்டிலருகே செல்லும் ஆண்டு அதுவேயாம். நோயாளியைக் காணுமுன் இருந்த உணர்வு, கண்டபின் குன்றுவது எவ்வளவு விந்தை! இவ்வளவீடு மாணவர் தம்மைப்பற்றித் தாமே அளித்த விடைகளைக் கொண்டதென்பதை மறத்தலாகாது, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இதற்கு மாணவரின் இயல்பை மட்டும் பழித்தல் முறையன்று. வேலைச்சுமை, காலக்குறைவு, நல்ல முன்மாதிரி இன்மை என்பன அவரை மாற்றுகின்றன. “பன்னிரண்டாம் கட்டிலின் ஈரல் நோய்” என்று மூத்தோர் கூறின், இளையோரும் அவ்வாறே கூறப் பழகுவர். ஆளின் பெயர் மறைந்து, நோயின் பெயரே எஞ்சுகின்றது.

இதனால் விளையும் தீங்கு யாது? பெக்மன், பிராங்கெல் என்போர் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், 74 சந்திப்புக்களுள் 17 இல் மட்டுமே நோயாளி தம் குறையை முற்றக் கூற முடிந்தது. இடைமறித்த வைத்தியர் சராசரி 18 விநாடிகளில் இடைமறித்தனர். மறுபுறம், 891 நீரிழிவு நோயாளரையும் அவர்தம் வைத்தியர் 29 பேரையும் பற்றி ஹோஜாத் குழுவினர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்துணர்வு மிக்க வைத்தியரிடம் சென்றோரின் நோய் நன்கு கட்டுப்பட்டிருந்தது. இதன் காரணத்தை நாம் ஒருவாறு ஊகிக்கலாம். குளிசையை ஒழுங்காக உட்கொள்ளாதவர், சீறும் வைத்தியரிடம் உண்மையை மறைப்பார். பொறுமையுடன் கேட்பவரிடம் கூறுவார். உண்மை தெரிந்தாலன்றி மருந்தின் அளவை எங்ஙனம் திருத்துவது?

ஆகவே ஒத்துணர்வு பிறவிக் குணமெனக் கருதி வாளாவிருத்தல் தகாது. நாடி பார்த்தல்போற் பயிலவும் பயிற்றவும் வேண்டியது அது. நோயாளியின் பெயரைக் கேட்டல், அருகில் அமர்தல், அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்தல் என்பனவே அதன் அரிச்சுவடி. அதனை ஆசிரியர் முதலிற் செய்துகாட்டல் வேண்டும். நம் கல்லூரியினின்றும் வைத்தியத் துறை புகும் மாணவர்க்குப் பரீட்சைப் புள்ளிகள் வைத்திய பீடத்தின் வாயிலைத் திறந்துவிடும். அதற்கப்பால், மூன்றாம் ஆண்டின் கட்டிலருகே, அவர் யாராக நிற்கப்போகின்றார் என்பதே வினா.